கையைக் கீழே போடு

என் தங்கைக்குக் காது கேட்காது. ஆனால் அவள் ஊமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் 'ஊமச்சி' என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்காது என்பதால் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். ஆறு வயது வரை எங்கள் வீட்டில் அவளைப் போல ஓயாமல் பேசியவர்கள் யாரும் இல்லை. கையால் பேசுவாள், புருவத்தால் பேசுவாள், சில சமயம் தரையில் உருண்டு பேசுவாள். அவள் வாயை அடைத்தது நாங்கள். அதிலும் நான்.

ஒரே அறை வீடு. அப்பா தோல் பை பட்டறையில் மிஷின் தைத்தார். அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பம்பாயில் பதின்மூன்று வருஷம் இருந்தும் அவளுக்கு ஹிந்தி வரவில்லை. சந்து தமிழ், சர்ச் தமிழ், மளிகைக் கடை தமிழ், அப்புறம் எதற்கு என்று இருந்துவிட்டாள். மீன்காரியிடம் மட்டும் விரலை நீட்டி, தலையை ஆட்டி, உதட்டைப் பிதுக்கி பேரம் பேசுவாள். அதிலேயே நாலு மீன் கூட வாங்கிவிடுவாள். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, தங்கையோடு பேசுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக் காட்டினால் அம்மா. கையால் சக்கரம் சுற்றினால் மிஷின், அதாவது அப்பா. தோளுக்கு முன்னால் இரண்டு ஜடையைப் பிடித்து இழுத்தால் நான். பக்கத்து வீட்டுப் பெரியம்மை மூக்குப்பொடி போடுவாள். இரண்டு விரலை மூக்கில் வைத்து, கண்ணை மேலே சொருகி, தும்மல் வரும் வரும் என்று வாயைத் திறந்து காத்திருந்தால் அது பெரியம்மை. தங்கை அதைச் செய்யும்போது பெரியம்மையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "சவத்த மூதி, என்னிய மாதிரியே பண்ணுதா பாரு!"

குழாயடியிலிருந்து அம்மா திரும்பி வந்தால் கதை ஆரம்பித்துவிடும். யார் குடத்தை யார் நகர்த்தினாள், யார் யாருடைய கொண்டையைப் பிடித்தாள், எல்லாம் கையாலும் முகத்தாலும் நடக்கும். தங்கை கண்ணைக் கொட்டாமல் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்று தாடையைத் தூக்குவாள். நான் போய், "என்னம்மா நடந்துச்சு?" என்று வாயால் கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, போய்ப் படி" என்பாள். அவளுக்கு முழுக் கதை, எனக்கு ஒண்ணுமில்லை. எனக்கு வயிறு எரியும். பிறகு நான் செய்ததையெல்லாம் சொல்லும்போது இந்த எரிச்சலையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பொய் ஆகிவிடும்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "ஏளா, வசம்பச் சுட்டு ஒரசி நாக்குல தேய்ச்சுப் பாரேன். எங்க ஊர்ல ஒரு பயலுக்கு ஏழு வயசுல பேச்சு வந்துச்சுல்லா" என்றாள் பெரியம்மை. தேய்த்தோம். தங்கை காறித் துப்பினாள். சர்ச்சில் எண்ணெய் தடவி ஜெபித்தார்கள். தொண்டையில் தடவிக்கொண்டே இருந்தார்கள். காது என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில், "இவள எதுக்கு இங்கல்லாம் கூட்டிட்டு வாரிய? மூத்தவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?" என்று ஒருத்தி அம்மாவின் காதில் ஓதினாள். அதற்கு அம்மா பந்தியில் தங்கையைத் தனக்கும் அவளுக்கும் நடுவில் உட்காரவைத்தாள். இந்த யோசனைகளெல்லாம் எங்களுக்குத் தலைவலி கொடுத்ததோடு சரி. நாங்கள் கெட்டது படித்தவர்கள் சொன்ன யோசனையால்.

எண்பத்தொன்றாம் வருஷம். தங்கைக்கு ஆறு வயது, எனக்குப் பன்னிரண்டு. மாதுங்காவில் ஒரு அம்மா இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதாகப் பட்டறை முதலாளி அப்பாவிடம் சொன்னார். நாலு பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, நடந்தே போனோம். மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் ஆப்பிள், பந்து, பசு படங்கள். அந்த அம்மா பட்டுக் கரை போட்ட நூல் சேலையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. வாங்கோ, உக்காருங்கோ. குழந்தை சாப்பிட்டாளோ?"

அதைக் கேட்டதும் அப்பாவின் கண் கலங்கிவிட்டது. பம்பாயில் எந்த ஆஸ்பத்திரியிலும் எங்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. 'ஜல்தி போலோ, ஜல்தி' என்று விரட்டத்தான் செய்வார்கள். இங்கே ஒருவர் நாற்காலி போட்டு, நம் பாஷையில், பொறுமையாகப் பேசுகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் அப்பா தலையாட்டியிருப்பார்.

அவர் சொன்னது இது. "இதோ பாருங்கோ, கையால காமிச்சுண்டே இருந்தா வாய் சோம்பேறி ஆயிடும். பேச்சே வராது. இன்னிலேர்ந்து ஆத்துல யாரும் கை காமிக்கப்படாது. அவ காமிச்சாலும் பாக்கப்படாது. பாடம் சொல்லிக் கொடுக்கறச்சே கையைத் தொடைக்கு அடியில வெச்சுண்டு உக்காரச் சொல்லுங்கோ. இன்னொண்ணு, ரெண்டு பாஷை கேட்டா குழந்தை குழம்பிப் போயிடுவா. அந்த மாதிரி குழந்தைகளுக்கு இங்க இருக்கற ஸ்கூல் எல்லாம் ஹிந்திதான். அதனால ஆத்துலயும் ஹிந்தியே பேசுங்கோ. தமிழ் வேண்டாம். அடுத்த வருஷம் பத்து வார்த்தை சொல்லிட்டாள்னா ஸ்கூல்ல எடுத்துப்பா."

தமிழ் வேண்டாம் என்று அவர் தமிழில் சொன்னார். தமிழில் சொன்னதால்தான் நாங்கள் நம்பினோம்.

திரும்பி வரும் வழியில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஹிந்தியா? நான் என்னத்தப் பேசுவேன்?"

"படிச்சவங்க சொல்லுதாங்க. நமக்கு என்ன தெரியும்? ஒனக்குப் புள்ள பள்ளிக்கூடம் போவணுமா வேண்டாமா?" என்றார் அப்பா.

போக வேண்டும்தான். யாருக்குத்தான் ஆசை இல்லை? தங்கை அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "என்ன பேசுகிறீர்கள்?" என்று கையை விரித்தாள். அம்மாவின் கை பதில் சொல்லப் பாதி எழுந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

வீட்டில் ஹிந்தி ஒழுங்காகத் தெரிந்தது எனக்குத்தான். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்தாலும் தெருவில் ஹிந்திதானே. அந்த மாதுங்கா அம்மா என் கன்னத்தைத் தட்டி, "நீதான் ஆத்துல டீச்சர்" என்று வேறு சொல்லிவிட்டார். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையைச் சுவரோரம் உட்காரவைத்து, அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து, எதிரில் நான் காலை மடக்கி உட்கார்ந்து, "போலோ!" என்பேன். பேசு. முதல் வார்த்தை பானி, தண்ணீர். ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பா' என்றால் காகிதம் ஆட வேண்டும். எனக்கு ஆடும். அவளுக்கு ஆடாது. தாகம் எடுத்தால் அவள் கட்டை விரலை வாயில் சாய்த்துக் காட்டுவாள். நான் டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வேன். "ஹாத் நீச்சே. போலோ." கையைக் கீழே போடு, பேசு. கேட்காத பிள்ளைக்கு நான் சொல்வது எப்படி விளங்கும்? அவள் மணிக்கட்டைப் பிடித்து, அழுத்தி, மடியில் வைப்பேன். அது விளங்கிற்று.

வெயில் காலத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தேன். உதடு காய்ந்து போயிற்று அவளுக்கு. அம்மா ஸ்டவ் பக்கம் திரும்பி நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

இன்னொரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வாசல் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், அம்மாவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து குழாயடிக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை சிரித்த சிரிப்பில் உடம்பு குலுங்கியது. என்னைக் கண்டதும் அம்மா திருடியைப் போலக் கையை மடியில் போட்டுக்கொண்டாள். பெற்ற பிள்ளையோடு பேசிய குற்றத்துக்கு, பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் பயந்து! அன்றைக்கு அப்பா வந்ததும் நான் போட்டுக் கொடுத்தேன்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "நாளைக்கு நாம ரெண்டு பேரும் செத்துப்போனா இவ கைய ஆட்டிக்கிட்டு யார்ட்டப் போயி நிப்பா? பெத்தவளே புள்ள வாழ்க்கையக் கெடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதோடு அம்மா நிறுத்திவிட்டாள். தங்கை கையைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் சொல்லிக் கொடுத்த நாலு ஹிந்தி வார்த்தைகளைத் தட்டுத் தடுமாறிச் சொல்வாள். அவள் வாய் போன போக்கில் எனக்கே விளங்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்கு எப்படி விளங்கும்? கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள். வீட்டில் ஒருத்திக்குப் பேச்சு வரவழைக்கப் போய் இரண்டு பேருக்குப் பேச்சு போயிற்று.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் காகிதம் ஆடியது. "பா... னி." அடித்தொண்டையிலிருந்து, உடைந்து வந்தது. ஆனாலும் வந்தது. நான் சந்து முழுக்க ஓடி, "பேசிட்டா, பேசிட்டா!" என்று கத்தினேன். அப்பா அவளைத் தூக்கிச் சுற்றினார். அம்மா கேசரி கிளறினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னார் அப்பா. தங்கையை மேலே நிறுத்தி எல்லாருக்கும் முன்னால் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். சபையே கைதட்டியது. பெரியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இந்த ஒரு சத்தத்துக்கு இவ்வளவா என்று அவளுக்கு ஆச்சரியம்.

அன்றிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் பானி என்றாள். பசித்தால் பானி. வெளிக்குப் போக வேண்டும் என்றால் பானி. அப்பா வர நேரமானால் வாசலைப் பார்த்துப் பானி. நாங்கள் மதித்தது அந்த ஒரு சத்தத்தைத்தானே! நாங்கள் சிரித்தோம். "ஒரு வார்த்தை வந்துட்டுல்லா, மத்தது தானா வரும்" என்றார் அப்பா.

மறு வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. அம்மா சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். தங்கையை நான் பார்த்துக்கொண்டேன். காலையிலிருந்தே சோர்ந்து கிடந்தவள், எழுந்து வந்து என் முன்னால் நின்று, வலது பக்கம் அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். நான் பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன். "போலோ." மறுபடியும் வயிற்றில் கை வைத்தாள். மறுபடியும் இறக்கினேன். "போலோ!" அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "பானி."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டேன். "பானி" என்றாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். இது இல்லை என்று சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை. கை இருந்தது, கையை நான் விடவில்லை. நாலு டம்ளர் கொடுத்தேன். "குடிக்கவும் செய்ய மாட்டேங்கே, கேக்கவும் செய்தே, நடிக்கியா?" என்று கடைசியில் எரிந்து விழுந்தேன். நல்லவேளை, அது அவளுக்குக் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் படிக்கிறவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பா டாக்ஸியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. உடனே ஆபரேஷன். இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து ஹிந்தியில் கேட்டார். இரண்டு நாளாக வலி இருந்திருக்குமே, பெண் எதுவும் சொல்லவில்லையா? அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொன்னாள் சார். அவளுக்கு நாங்கள் விட்டுவைத்ததைக் கொண்டு சொன்னாள்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்கு நேத்தே தெரியும்ட்டி. வயித்துல கைய வச்சுக் காட்டினா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பாக்கப்பிடாதுன்னு சொன்னாங்கல்லா, அதான் திருப்பிக்கிட்டேன்." இதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் கட்டிப் பிடித்திருப்பேன்.

பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் அம்மா அவள் முன்னால் குனிந்து, பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகக் கையால் கேட்டாள், "வலிக்கா?" தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, காய்ந்த உதட்டைத் திறந்து, "பானி" என்றாள். நர்ஸ் ஓடி வந்து, தண்ணீர் ஒரு சொட்டுக் கூடக் கொடுக்கக் கூடாது என்று அதட்டினாள். அவள் கேட்டது தண்ணீர்தானா, வேறு ஏதாவதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தோடு எங்களுக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அப்பா மாதுங்காவுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா உண்மையாகவே கண் கலங்கினாராம். "அடடா, பாவம் குழந்தை. ஆனா இப்போ போய் விட்டுடாதீங்கோ. எவ்வளவு நன்னா வந்துண்டிருந்தா!" என்றாராம். நாங்கள் விடவில்லை. பத்து வார்த்தை சேர்ந்தது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் வகுப்பில் கையைத் தூக்கினால் ஸ்கேலால் அடி என்று பிறகு தெரிந்தது. அந்த மாதுங்கா அம்மா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் அப்பா முதல் நாளே எழுந்து வந்திருப்பார். கேட்காத ஒரு பெரிய ஆளிடமாவது போய், "சின்ன வயதில் உனக்கு என்ன வேண்டியிருந்தது?" என்று எங்களில் ஒருவர் கேட்டோமா? கேட்கிறவர்களிடமே கேட்டுக் கேட்டு முடிவு செய்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா வீட்டில் மறுபடியும் கையால் பேசிப் பார்த்தாள். அப்பாவும் கண்டுகொள்ளாமல் இருந்தார். ஆனால் தங்கை பதில் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் இல்லாமல் இருந்துகொள்வாள். "எவ்வளவு அமைதியான புள்ள!" என்று சந்தில் மெச்சினார்கள்.

எண்பத்தொன்பதில் நான் மாதுங்காவில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். தங்கைக்குப் பதினாலு வயது. ஜூலை மாதம், சனிக்கிழமை, அரை நாள் வேலை. காலையில் தங்கை கிளம்பிப் போன பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல். "மழையாக் கெடக்கு, நீ செம்பூர் போயி அவளக் கூட்டிட்டு வந்திரு" என்றாள். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில், சீருடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லார் கையும் பறந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அடித்துத் தடுத்ததை இவர்கள் இங்கே நின்று ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நடுவில் என் தங்கை.

நான் டீக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். அந்த வேகம், அந்த முகம்! எட்டு வருஷமாக நான் பார்க்காத முகம். என்ன பேசுகிறாள் என்று ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தெரியாத பாஷை. திடீரென்று இரண்டு விரலை மூக்கில் வைத்தாள். கண்ணை மேலே சொருகினாள். வாயைத் திறந்து, தும்மல் வரும் வரும் என்று காத்திருந்தாள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பெரியம்மை செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் பேச்சு எதுவும் அவளிடம் அழிந்து போயிருக்கவில்லை. எங்களுக்குத்தான் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கிட்டே போனேன். அவள் என்னைப் பார்த்தாள். கை இரண்டும் கீழே இறங்கின. முகம் மூடிக்கொண்டது. மற்ற பிள்ளைகள் நான் யார் என்று பார்த்தார்கள்.

ரயிலில் லேடீஸ் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. குர்லா தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவள் தோளைத் தொட்டேன். சேலை கட்டாத என் இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக் காட்டினேன். அம்மா. பிறகு புறங்கையை நெற்றியில் வைத்தேன். காய்ச்சல். சரியாகத்தான் காட்டினேன்.

தங்கை என் கையைப் பார்த்தாள். பெட்டியில் யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, அழுத்தி, என் மடியில் வைத்தாள். முரட்டுத்தனமாக இல்லை. நான் எவ்வளவு அழுத்துவேனோ அவ்வளவுதான்.

"போலோ" என்றாள்.

நான் வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, ஹிந்தியில் சொன்னேன், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று. அவள் என் உதட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். எங்கள் ஸ்டேஷன் சுனாபட்டி வந்தது, இறங்கினோம். வீடு வரும்வரை மழையில் முகத்தைத் துடைக்கக்கூட நான் அந்தக் கையைத் தூக்கவில்லை.